தமிழ் கற்பவர் காதில் வாக்கியம் எப்படி விழுகிறது? கற்றுத்தருபவருக்கான முழுமையான வழிகாட்டி

மாலா கீதாவ தள்ளிட்டா.
மாலாவ கீதா தள்ளிட்டா.

இந்த இரண்டையும் கேட்ட உடனே, கீழே விழுந்தது யார் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஒரு 'வ' இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தமிழ் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம், அதிலும் ஆங்கிலத்தில் வளர்ந்த ஒருவரிடம், இதே இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு தடவையும் மாலாதான் தள்ளினாள் என்பார். மாலா யார், கீதா யார், தள்ளுவது என்றால் என்ன, எல்லாமே அவருக்குத் தெரியும். சொற்கள் புரிந்துவிட்டன, வாக்கியம் புரியவில்லை.

வேற்று மொழி பேசும் மருமகளோ மருமகனோ வந்த வீடுகள், வெளிநாட்டில் வளரும் அண்ணன் பிள்ளைகள், வடமாநிலத்திலிருந்து வந்து நம்மோடு வேலை செய்பவர்கள் என்று தமிழ் கற்க விரும்புகிறவர்கள் இன்று நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் நாம் முதலில் கையில் எடுப்பது சொற்பட்டியல். நான் பெரியவர்களுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லித்தருகிறவன். சொற்பட்டியல் தேவைதான். ஆனால் தமிழ் வாக்கியத்தில் யார், யாரை, யாருக்கு என்ற செய்தியெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. வாலைக் கேட்கப் பழகாதவர் ஆயிரம் சொல் கற்றாலும் ஊகத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், நம் காது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தாய்மொழி என்பதால் நாம் அதைக் கவனித்ததே இல்லை.

தாய்மொழிக்காரர் முடிவு வரை காத்திருப்பதில்லை

1999 இல் ஜெர்ரி ஆல்ட்மன், யுகி கமிடே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். படத்தில் ஒரு பையன், ஒரு கேக், இன்னும் சில விளையாட்டுப் பொருள்கள். பையன் கேக்கைச் சாப்பிடுவான் என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும். 'சாப்பிடுவான்' என்ற வினை காதில் விழுந்ததுமே, 'கேக்' என்ற சொல் வருவதற்கு முன்பே, கேட்பவர்களின் கண் கேக்கின் மேல் போய்விட்டது. படத்தில் சாப்பிடக்கூடியது அது ஒன்றுதான்.

தமிழில் வினை கடைசியில் வருகிறதே, அப்படியானால் நாம் கடைசி வரை சும்மா இருக்கிறோமா? இல்லை. ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், பெயரோடு உருபு (நம் 'ஐ', 'க்கு' மாதிரி, நான் வால் என்று சொன்னது) ஒட்டும். 2003 இல் கமிடேயும் ஆல்ட்மனும் சாரா ஹேவுட்டும் அந்த மொழியில் சோதித்தார்கள். பரிமாறும் பெண், வாடிக்கையாளர், ஹாம்பர்கர் மூன்றும் படத்தில். 'வாடிக்கையாளருக்கு' என்ற உருபு கேட்டவர்கள் ஹாம்பர்கரை முன்கூட்டியே பார்த்தார்கள். 'வாடிக்கையாளரை' என்று கேட்டபோது அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. நம் மொழியில் சொன்னால், 'பாட்டி பேரனுக்கு' என்றதும் எதையோ தரப்போகிறாள் என்று மனசு தயாராகிறது. 'பாட்டி பேரன' என்றதும் தூக்கப்போகிறாளோ திட்டப்போகிறாளோ என்று எதிர்பார்க்கிறது. வினை வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

கற்பவரிடம் இந்த முன்னோட்டம்தான் குறைவு. ஸ்பானிய மொழியில் பெயருக்கு முன்னால் ஆண்பால், பெண்பால் காட்டும் ஒரு சின்னச் சொல் வரும். கேசி லூ வில்லியம்ஸும் ஆன் ஃபெர்னால்டும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், 3 வயதுக் குழந்தைகளே அந்தச் சின்னச் சொல்லை வைத்து வரப்போகும் பொருளை முன்கூட்டிக் கண்டுகொண்டார்கள். 2010 இல் வந்த ஆய்வில், அந்த மொழியை வளர்ந்த பிறகு கற்றவர்கள் அப்படிச் செய்யவில்லை. விதி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, அந்தக் கணத்தில் உதவிக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. 2006 இல் ஹரால்ட் கிளாசென், கிளாடியா ஃபெல்சர் இருவரும், இரண்டாம் மொழிக்காரர்கள் சொற்பொருளையும் உலக அறிவையும் வைத்து வாக்கியத்தை மேலோட்டமாகத்தான் கட்டுகிறார்கள், உள்ளமைப்பை முழுதாகக் கட்டுவதில்லை என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அதே ஆண்டு ஜேனட் மெக்டொனால்டு வேறு திசையிலிருந்து வந்தார். தாய்மொழிக்காரர்களையே இரைச்சலிலும் நினைவுச் சுமையிலும் வைத்து வாக்கியம் சரியா தவறா என்று கேட்டபோது, இரண்டாம் மொழிக்காரர்கள் தடுமாறும் இடங்களில்தான் அவர்களும் தடுமாறினார்கள். அப்படிப் பார்த்தால் வேறுபாடு மூளையின் வகையில் இல்லை, சுமையில் இருக்கிறது. வகுப்பில் நான் பார்ப்பது இந்த இரண்டாவது விளக்கத்துக்கே நெருக்கமாக இருக்கிறது. நிதானமாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறவர், பேச்சு வேகமெடுத்ததும் ஊகத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

தாய்மொழிக்காரர் எப்போதும் முழுதாகப் பகுத்தறிந்துதான் கேட்கிறார் என்றும் நினைத்துவிட வேண்டாம். கீல் கிறிஸ்டியன்சன், ஃபெர்னாண்டா ஃபெரெய்ரா குழுவினர் 2001 இல் காட்டியபடி, ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களே சிக்கலான வாக்கியத்தைப் படித்துவிட்டு, முதலில் எடுத்த தவறான பொருளை விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். நாமும் பல நேரம் போதுமான அளவுக்கே கேட்கிறோம். தேவைப்படும்போது நம்மால் வாலுக்குத் திரும்ப முடிகிறது, கற்பவரால் முடிவதில்லை.

படி 1: அவர் எதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு மொழியும் தன் மக்களை ஒவ்வொரு அடையாளத்தை நம்பப் பழக்கியிருக்கிறது. பிரையன் மெக்வின்னி, எலிசபெத் பேட்ஸ், ரைன்ஹோல்ட் கிளீகல் ஆகியோர் 1984 இல் ஆங்கிலம், இத்தாலியம், ஜெர்மன் பேசுபவர்களை ஒப்பிட்டார்கள். ஆங்கிலக்காரர்கள் சொல் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தாலியர்கள் வினை எந்தப் பெயரோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். புது மொழிக்குப் போகும்போது அந்தப் பழைய பழக்கமும் கூடவே வருகிறது.

சோதனை எளிது. மாலா கீதாவைத் தள்ளும் படம் ஒன்று, கீதா மாலாவைத் தள்ளும் படம் ஒன்று, கோட்டோவியமாக வரைந்தாலே போதும். மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களையும், 'கீதா மாலாவ', 'கீதாவ மாலா' என்ற மற்ற இரண்டையும் கலந்து சொல்லுங்கள். அவர் படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், பேச வேண்டாம். முதலில் கேட்ட பெயருக்குரியவர் தள்ளும் படத்தையே எப்போதும் காட்டினால் அவர் வரிசையை நம்புகிறார்.

எந்தத் தாய்மொழிக்காரர் எங்கே இடறுவார் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். இந்திக்காரருக்கு வினை கடைசியில் வருவதும் பெயருக்குப் பின்னால் உருபு வருவதும் பழக்கம், அதனால் இந்தச் சோதனையில் சீக்கிரம் தேறுவார். 'ஜோ' என்ற இணைப்புச் சொல் போட்டு வாக்கியத்தை இணைத்துப் பழகியதால் பெயரெச்சத்தில் ('நீ வந்த பஸ்ஸு' என்பதில் 'வந்த' மாதிரி, பெயருக்கு முன்னால் வரும் முடியாத வினை) திணறுவார். மலையாளிக்குப் பெயரெச்சம் சொந்த வீடு மாதிரி. ஆனால் மலையாளத்தில் 'அவன் வந்நு', 'அவள் வந்நு', 'ஞான் வந்நு' எல்லாவற்றுக்கும் வினை ஒன்றுதான், எனவே வினையின் ஈற்றைக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தெலுங்குக்காரருக்கு இரண்டுமே உண்டு, அவருக்குத் தடை பெரும்பாலும் ஒலியிலும் வேகத்திலும்தான். வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் தனி வகை. காது நன்றாக இருக்கும், வீட்டுப் பேச்சைத் தாண்டிய நீண்ட வாக்கியத்தில் தொலைந்துபோவார்கள்.

படி 2: வாலைக் காதுக்குக் கொண்டுவாருங்கள்

கண்ணுக்குத் தெரியும் 'ஐ' வேறு, காதில் விழும் 'ஐ' வேறு. 'பையனை' என்று எழுதுகிறோம், 'பையன' என்கிறோம். தம்பிய, நாய, மாலாவ எல்லாமே கடைசியில் ஒரு சின்ன உயிரொலி. பாடப்புத்தகத்தில் 'ஐ' என்று படித்தவர் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பார், அது வராது. முதல் நாளிலேயே பேச்சு வடிவத்தைக் காதுக்குக் கொடுங்கள். எழுத்து வடிவம் பின்னால் வரட்டும்.

வினையில் இதைவிட நுட்பமான சிக்கல் இருக்கிறது. பேச்சில் 'வந்துட்டான்' என்பதன் கடைசி 'ன்' பாதி கரைந்து, 'ஆ' மூக்கொலியாகிறது. 'வந்துட்டாள்' என்பதில் 'ள்' முழுதாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது மூக்கில் ஒலிக்கும் ஓர் 'ஆ', மூக்கில் ஒலிக்காத ஓர் 'ஆ'. அண்ணன் வந்தானா அக்கா வந்தாளா என்ற முழுச் செய்தியும் அந்த மூக்கொலியில் நிற்கிறது. நமக்கு அது பட்டப்பகல் மாதிரித் தெளிவு. கற்பவருக்கு இரண்டும் ஒன்றே. அவர் கவனிக்கவில்லை என்று கோபப்பட வேண்டாம், அவருக்கு அந்த ஒலி வேறுபாடு இன்னும் பிறக்கவில்லை. வந்துட்டான், வந்துட்டா, போயிட்டான், போயிட்டா என்று சோடி சோடியாகச் சொல்லி, கை தூக்கினால் அண்ணன், தூக்காவிட்டால் அக்கா என்று விளையாட வையுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். ஒரே ஆள் குரலாக இல்லாமல் வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சொன்னால் இன்னும் நல்லது.

இன்னொன்று: அவர் யாரோடு பேசப்போகிறாரோ அவர்கள் பேசும் தமிழையே கொடுங்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் 'வந்தவை' என்றால் வந்தார்கள் என்று பொருள். மதுரையில் வளர்ந்தவர் அதைக் கேட்டால் ஒரு கணம் நிதானிப்பார்.

படி 3: ஊகித்தால் தோற்கும் வாக்கியங்களை மட்டும் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

'தம்பி ஆப்பிள சாப்பிட்டான்' என்ற வாக்கியத்தால் உருபு கற்க முடியாது. ஆப்பிள் தம்பியைச் சாப்பிடாது என்று உலகத்துக்கே தெரியும், வாலைக் கேட்கத் தேவையே வராது. 'தம்பி பால் குடிச்சான்' என்பதில் உருபே இல்லை, அஃறிணைப் பொருளுக்கு நாம் பல நேரம் உருபு போடுவதில்லை. நம் பாடப்புத்தக வாக்கியங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. சொற்பொருளே விடையைச் சொல்லிவிடும்போது மூளை இலக்கணத்துக்கு ஏன் உழைக்கப்போகிறது?

எனவே இரண்டு பக்கமும் ஒரே தரத்து ஆட்கள் இருக்க வேண்டும். தம்பியும் அண்ணனும், மாமியாரும் மருமகளும், மாலாவும் கீதாவும். யார் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், தேடலாம், திட்டலாம், தூக்கலாம். ஆய்வாளர்கள் பில் வான்பேட்டன், தெரெசா காடியெர்னோ இருவரும் 1993 இல் ஸ்பானிய மொழி கற்பவர்களிடம் இதே அடிப்படையில் பயிற்சி கொடுத்தார்கள். முதல் பெயரைச் செய்பவர் என்று எடுத்துக்கொண்டால் விடை தப்பாகும் வாக்கியங்கள், அதற்குப் படம். மாணவர்களைப் பேசச் சொல்லவே இல்லை, கேட்டுத் தேர்ந்தெடுக்க மட்டும் வைத்தார்கள். பயிற்சி முடிந்தபின் அவர்கள் புரிந்துகொள்வதில் முன்னேறியதோடு, எழுத்தில் அந்த அமைப்பைப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

செய்யும் முறை: முதலில் 'வ/ய/அ' வால் உள்ள பெயர் முன்னால் வரும் வாக்கியங்கள். 'தம்பிய அண்ணன் கூப்பிட்டான்.' அது பழகியதும் 'க்கு' சேருங்கள்: 'தம்பிக்கு அண்ணன் ஊட்டினான்.' பிறகு '-கிட்ட', '-ஓட'. ஒரு நாளைக்கு ஓர் உருபுக்கு மேல் வேண்டாம். தவறாகக் காட்டினால் விதி சொல்லாதீர்கள், வாக்கியத்தையே வாலில் சற்று அழுத்தி மறுபடி சொல்லுங்கள்.

படி 4: எழுவாயை எடுத்துவிடுங்கள்

நாம் 'நான்', 'அவங்க' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்வதில்லை. 'பாத்தேன், சொன்னாங்க, வந்துட்டேன்' என்று போய்க்கொண்டே இருப்போம். கற்பவருக்கு உதவி என்று நினைத்து 'நான் பாத்தேன், அவங்க சொன்னாங்க' என்று முழுதாகச் சொன்னால், அவர் முன்னாலுள்ள பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஈற்றைக் கைவிட்டுவிடுவார். பெயரை எடுத்துவிட்டு, 'யாரு?' என்று கேளுங்கள். 'வாங்கிக் குடுத்தாங்க.' யாரு? 'வாங்கிக் குடுத்த.' யாரு?

படி 5: பெயரெச்சம்

தமிழ் கற்பவரின் மிகப் பெரிய மேடு இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

கீதா அடிச்ச பொண்ணு. கீதாவ அடிச்ச பொண்ணு. முதலாவதில் அடி வாங்கினவள் அந்தப் பெண். இரண்டாவதில் அடித்தவள் அவள். 'அடிச்ச' என்ற எச்சம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. மறுபடி அந்த 'வ'தான் சொல்கிறது. உருபு இல்லாத இடத்தில் அதுவும் கிடையாது: சமைச்ச பொண்ணு, சமைச்ச சாதம், சமைச்ச பாத்திரம், சமைச்ச நாள், சமைச்ச களைப்பு. ஐந்திலும் ஐந்து வகை உறவு. சமைத்தவள், சமைக்கப்பட்டது, சமைக்க உதவியது, சமைத்த பொழுது, சமைத்ததால் வந்தது. இலக்கணம் எதையும் சொல்லாத இந்த இடத்தில் நாமும் உலக அறிவை வைத்துத்தான் பொருள் கொள்கிறோம். ஊகிக்காதே என்று இங்கே கற்பவரிடம் சொன்னால் அது தவறான அறிவுரை. உருபு இருந்தால் உருபைக் கேள், இல்லாவிட்டால் பொருளைப் பார் என்பதே நாம் செய்வது.

நாமே சறுக்கும் வாக்கியமும் உண்டு. 'ஆசிரியர் மாணவனைத் திட்டிய அப்பாவைச் சந்தித்தார்.' முதல் வாசிப்பில் 'ஆசிரியர் மாணவனைத் திட்டிய' வரை ஆசிரியர்தான் திட்டினார் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. 'அப்பாவை' வந்ததும் இடறி, திரும்பிப் போய், திட்டியது அப்பா என்று மாற்றிக்கொள்கிறோம். பேச்சில் 'ஆசிரியர்' என்பதற்குப் பின் ஒரு சின்ன நிறுத்தம் கொடுத்து இதைத் தவிர்த்துவிடுவோம், எழுத்தில் அந்த வேலையைக் காற்புள்ளி செய்யும். 'சென்னையில் வேலை பார்க்கும் ராமுவின் அண்ணன்' என்றால் சென்னையில் இருப்பது ராமுவா, அண்ணனா? இரண்டுக்கும் இடமுண்டு. இதே மாதிரி இருபொருள் தரும் வாக்கியங்களை 1988 இல் ஃபெர்னாண்டோ குவேட்டோஸ், டான் மிட்செல் இருவரும் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கற்பவர் நம்மிடமிருந்து வேறுபட்டு எடுத்துக்கொண்டால் அது எப்போதும் பிழையாக இருக்க வேண்டியதில்லை.

சொல்லிக்கொடுக்க நான் கண்ட நல்ல வழி, 'எந்த' என்ற கேள்வி. முதலில் அந்தக் கேள்வியைப் பழக்குங்கள். எந்த பொண்ணு? கீதாவ அடிச்ச பொண்ணு. எந்த பஸ்ஸு? நீ வந்த பஸ்ஸு. 'எந்த' என்ற கேள்விக்கு விடை எப்போதும் பெயருக்கு முன்னால் வருகிறது என்று காது உணர்ந்துவிட்டால், 'அடிச்ச' கேட்டதும் இதோ ஒரு பெயர் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு தானாக உண்டாகும். அதன்பின் பெரிய வாக்கியத்துக்குள் வையுங்கள்: 'கீதாவ அடிச்ச பொண்ண மாலா தேடுறா.' யார் யாரை அடித்தது, யார் யாரைத் தேடுவது என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேளுங்கள்.

படி 6: எனக்கு, ன்னு

'எனக்கு மாலாவ பிடிக்கும்', 'அவளுக்குப் பசிக்குது', 'தம்பிக்கு இந்தி தெரியும்.' இங்கே வினையின் ஈறு எனக்கோ அவளுக்கோ ஒத்துப்போகாது. படி 4-இல் ஈற்றை நம்பப் பழகியவருக்கு இது குழப்பும். பிடிக்கும், தெரியும், வேணும், பசிக்குது, வலிக்குது என்று ஒரு சின்னக் குடும்பமாகவே அறிமுகப்படுத்திவிடுங்கள். அதிகம் விளக்க வேண்டியதில்லை, தினசரிப் பேச்சில் இவை திரும்பத் திரும்ப வருவதால் சீக்கிரம் படிந்துவிடும்.

'ன்னு' அப்படியில்லை. 'நான் நாளைக்கு வர்றேன்னு மாலா சொன்னா.' வருவது யார்? மாலா. 'நான்' என்ற சொல் காதில் விழும்போது பேசுபவர் தன்னைச் சொல்கிறார் என்றுதான் கற்பவர் எடுத்துக்கொள்வார். வாக்கியம் முடியும்போது வரும் 'ன்னு மாலா சொன்னா' அந்த 'நான்' என்பதை மாலாவிடம் ஒப்படைக்கிறது. எடுத்த பொருளைத் திரும்பப் போய் மாற்றுவதுதான் இரண்டாம் மொழியில் மிகக் கடினமான வேலை. எனவே முதலில் வரிசையை மாற்றிச் சொல்லுங்கள்: 'மாலா, நாளைக்கு வர்றேன்னு சொன்னா.' பேசினவள் முன்னாலேயே தெரிந்துவிட்டால் திருத்த வேண்டிய தேவை இல்லை. இது படிந்தபின் 'ன்னு சொன்னா' பின்னால் வரும் வடிவம், அதன்பின் 'வர்றாளாம்'.

படி 7: நிறுத்தி, அடுத்தது என்ன என்று கேளுங்கள்

வினைக்கு முன்னால் நிறுத்துங்கள். 'அம்மா தம்பிக்கு மருந்து...' என்ன செய்திருப்பாள்? 'அம்மா தம்பிய டாக்டர்கிட்ட...' அடுத்து என்ன? குடுத்தா, கூட்டிட்டுப் போனா என்று சரியான சொல் வராவிட்டாலும் கையால் காட்டட்டும். உருபுகளைச் சேர்த்துப் பார்த்து வினையை எதிர்பார்ப்பது தாய்மொழிக்காரரின் பழக்கம், அதைத்தான் இங்கே மெதுவாக நடத்திப் பார்க்கிறோம்.

படி 8: 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள்

புரிந்தது என்றே விடை வரும். அவர் பொய் சொல்லவில்லை, சொற்களை வைத்து ஒரு கதை கட்டியிருக்கிறார், அது அவருக்கு முழுதாகத்தான் தெரிகிறது. 'யாரு யாரத் தேடினா?' என்று கேளுங்கள். அல்லது நடக்க முடியாத ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: 'பூனைய எலி துரத்துச்சு.' உலக அறிவு ஒரு பக்கம் இழுக்க, உருபு மறு பக்கம் இழுக்கும். அதைக் கேட்டு அவர் நெற்றி சுருங்கினாலோ சிரித்தாலோ வாலைக் கேட்டுவிட்டார். தலையாட்டிவிட்டுப் போனால் படி 3-க்குத் திரும்புங்கள்.

படி 9: சுமையை மெதுவாகக் கூட்டுங்கள்

அமைதியான அறையில் தேறிய வாக்கியங்களையே, மிக்ஸி ஓடும்போது, தொலைக்காட்சி ஓடும்போது, ஃபோனில், இரண்டு பேர் மாறி மாறிப் பேசும்போது சொல்லிப் பாருங்கள். புதுச் சொல் எதுவும் சேர்க்க வேண்டாம். சொல் புதிது, அமைப்பு புதிது, வேகமும் புதிது என்று மூன்றையும் ஒரே நாளில் ஏற்றினால் எது இடறியது என்று உங்களுக்கே தெரியாது. இரைச்சலில் தவறினால் அன்றைக்கு அமைதிக்குத் திரும்பி, அதே வாக்கியத்தை ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே மிக்ஸி சத்தத்தில் தொடங்கலாம்.